எழுத்துல நம்ம பலம் என்ன பலவீனம் என்னன்னு நாமளே கண்டுபிடிக்கிறது எப்படி

காலேஜ் சேர்ந்த புதுசுல நிறைய பேருக்கு ஒரு அசைன்மென்ட் வரும், "எழுதறதுல உங்க பலம் என்ன, பலவீனம் என்ன, ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க"ன்னு. என்கிட்ட பிளஸ் டூ வரைக்கும் தமிழ் டியூஷன் படிச்சிட்டு போன பசங்க வருஷா வருஷம் அந்த நேரத்துல போன் பண்ணுவாங்க, அக்கா இதுக்கு என்னக்கா எழுதறதுன்னு. எழுதி வச்சிருக்கறத அனுப்புன்னு சொன்னா வர்றது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். "எனக்கு கற்பனை வளம் அதிகம், எழுத்தில் ஆர்வம் உண்டு. எழுத்துப்பிழைகள் வருவது என் பலவீனம், இனி அதை திருத்திக்கொள்வேன்." இத பேர மாத்தி பக்கத்து பெஞ்ச் பையன் கொடுத்தாலும் அவனுக்கும் பொருந்தும், அதுதான் இதுல பிரச்சினை. உங்களப் பத்தி எழுதின பக்கத்துல நீங்க இல்ல.

ஏன் இப்படி ஆகுதுன்னா எல்லாரும் பதில மனசுக்குள்ள தேடறாங்க. நான் எப்படிப்பட்ட ஆளுன்னு யோசிச்சா நல்ல நாள்ல எல்லாம் பலமா தெரியும், மார்க் கம்மியா வந்த அன்னிக்கு எல்லாமே பலவீனமா தெரியும். பதில் இருக்கறது நீங்க ஏற்கனவே எழுதின பேப்பர்ல. அதனால இந்த வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேனாவ கீழ வச்சிட்டு பீரோவ திறங்க.

நீங்க எழுதினதுல ஒரு அஞ்சு ஆறு எடுத்துக்கோங்க. அரையாண்டு விடைத்தாள், போட்டிக்கு எழுதின கட்டுரை, காலேஜ் அசைன்மென்ட், தாத்தாவுக்கு எழுதின லெட்டர் இருந்தா அதுவும், வாட்ஸ்அப்ல ஃப்ரெண்டுகிட்ட சண்டை போட்டு முடிச்சப்புறம் நீளமா ஒரு மெசேஜ் அனுப்பியிருப்பீங்க இல்லையா, அதையும் சேத்துக்கோங்க, ஏன்னா மார்க்குக்காக எழுதாதப்ப உங்க கை எப்படி ஓடுதுன்னு அதுல தான் தெரியும். பிளஸ் டூ பப்ளிக் எக்ஸாம் விடைத்தாள் நகல் கூட வாங்கலாம், ரிசல்ட் வந்தவுடனே அரசுத் தேர்வுகள் இயக்ககம் சொல்ற தேதிக்குள்ள விண்ணப்பிக்கணும், சில நாள் தான் டைம் தருவாங்க. நல்லதா பாத்து பொறுக்காதீங்க. கம்மி மார்க் வாங்கினது கட்டாயம் அதுல இருக்கணும்.

முதல் தடவை படிக்கறப்ப எதையும் திருத்தாதீங்க. சத்தமா படிங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே படிங்க. எங்க மூச்சு வாங்குதோ அங்க வாக்கியம் நீண்டு போச்சுன்னு அர்த்தம், எங்க நாக்கு தடுக்குதோ அங்க சொல் வரிசை சரியில்ல, எங்க உங்களுக்கே தெரியாம வேகமா படிச்சு தாண்டறீங்களோ அங்க பெருசா ஒண்ணும் எழுதலன்னு உங்களுக்கே தெரியும். அந்த மூணு இடத்துலயும் ஓரத்துல ஒரு பென்சில் கோடு போட்டா போதும். அப்புறம் ரெக்கார்டிங்க ஒரு நாள் விட்டு கேளுங்க. சொந்தக் குரல்ல கேட்டா முதல்ல கூச்சமா தான் இருக்கும், ரெண்டு நிமிஷத்துல பழகிடும்.

அடுத்தது எண்ணறது. இது சலிப்பான வேலை தான், ஆனா மொத்த விஷயத்துலயும் அதிகமா கை கொடுக்கறது இதுதான். "எனக்கு எழுத்துப்பிழை வரும்"னு சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, எந்தப் பிழை எத்தனை தடவைன்னு தெரியணும். ஒரு தாள்ல கட்டம் போட்டுக்கோங்க. ஒற்றுப்பிழை ஒரு கட்டம் (ரெண்டு சொல்லுக்கு நடுவுல வர்ற க், ச், த், ப் விட்டுடறது, இல்ல தேவையில்லாம போடறது), மயங்கொலி ஒரு கட்டம் (காதுக்கு ஒண்ணு மாதிரி கேக்கற எழுத்து, ண ன ந, ல ழ ள, ர ற, மொத்தமே எட்டு எழுத்து தான்), ஒருமை பன்மை ஒரு கட்டம், பேச்சு வழக்கு எழுத்துல நுழைஞ்சது ஒரு கட்டம். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோடு. அஞ்சு கட்டுரை முடிக்கறதுக்குள்ள ஒரு கட்டம் மட்டும் நிரம்பி வழியும், மத்ததுல ரெண்டு மூணு கோடு தான் இருக்கும். எனக்கு தமிழே வராதுன்னு அழுத ஒரு பையனுக்கு எண்ணிப் பார்த்தா முக்கால்வாசி ஒற்றுப்பிழை, அதுலயும் பாதிக்கு மேல ஒரே இடம், அந்த இந்த எந்தன்னு வர்ற இடம். அந்தப் பையன், இந்தக் கடை, எந்தச் சட்டைன்னு எழுதாம ஒற்று விட்டுட்டு எழுதிட்டு இருந்தான். தமிழே வராதுங்கற பெரிய பூதம் ஒரே ஒரு விதியா சுருங்கிடுச்சு.

ஒற்று பத்தி இங்க கொஞ்சம் நின்னு சொல்லிடறேன், ஏன்னா பாதி பேருக்கு நிரம்பற கட்டம் இதுதான். க, ச, த, ப இந்த நாலுல அடுத்த சொல் தொடங்கினா மட்டும் தான் யோசிக்கவே வேணும். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி இதுக்கெல்லாம் பின்னாடி மிகும், அதாவது அந்த ஒற்று சேரும். ஐ, கு ரெண்டு உருபுக்கும் பின்னாடி மிகும், புத்தகத்தைப் படித்தேன், வீட்டுக்குப் போனேன். எழுதிப் பார்த்தேன், ஓடிப் போனான், அதிகரித்துக் கொண்டே மாதிரி வினையெச்சத்துலயும் மிகும். ஆனா செய்து பார்த்தேன், வந்து போனான்னு வர்றப்ப மிகாது. ஒரு பையன், வந்த பையன், பெரிய கடை இதுலயும் மிகாது. இது வெறும் அலங்காரம்னு நினைக்கறவங்க தந்த பலகைக்கும் தந்தப் பலகைக்கும் வித்தியாசம் பாருங்க, முதல்ல இருக்கறது யாரோ கொடுத்த பலகை, அடுத்தது யானைத் தந்தத்துல செஞ்சது. ஒரு புள்ளி வச்ச எழுத்து தான், பொருளே மாறிடுது.

எண்ணி முடிச்சப்புறம் ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்துல இன்னொரு கேள்வி கேட்டுக்கோங்க, இது எனக்கு தெரியாததா, தெரிஞ்சும் அவசரத்துல விட்டதா, இல்ல போன் கீபோர்ட் தானா மாத்தினதா. இந்த மூணையும் நாம ஒண்ணா போட்டு குழப்பிக்கறோம். "ஒவ்வொரு மாணவர்களும்"னு எழுதிட்டு அதுல என்ன தப்புன்னே தெரியலன்னா விதிய படிக்கணும் (ஒவ்வொரு மாணவரும்னு வரணும், ஒவ்வொருங்கறதே ஒருமை). தெரிஞ்சும் விட்டதுன்னா படிக்கவே வேணாம், கடைசில சரிபாக்க அஞ்சு நிமிஷம் ஒதுக்கணும், அவ்வளவு தான். கீபோர்ட் பிரச்சினைன்னா தானா மாத்தற செட்டிங்க அணைச்சிட்டு டைப் பண்ணிப் பாருங்க. தெரியாத பிழையும் அவசரப் பிழையும் பேப்பர்ல பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், அதுக்கு மருந்து வேற வேற.

இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கு இன்னொரு கட்டம் சேத்துக்க சொல்லுவேன். செய்யப்பட்டது, சொல்லப்பட்டது, கொண்டாடப்படுகிறதுன்னு எத்தனை "பட்டது" வருது, தேவையில்லாத இடத்துல எத்தனை "ஒரு" வருதுன்னு எண்ணுங்க. "அவர் ஒரு சிறந்த ஒரு தலைவராக மக்களால் பார்க்கப்பட்டார்"னு ஒரு வரி பாத்தேன் போன மாசம். மக்கள் அவரைச் சிறந்த தலைவராகப் பார்த்தார்கள், இவ்வளவு தான் விஷயம். யோசிக்கறது ஒரு மொழி, எழுதறது இன்னொரு மொழின்னா இந்த மாதிரி வரும், வெக்கப்பட ஒண்ணும் இல்ல, எத்தனைன்னு தெரிஞ்சா குறைச்சிடலாம்.

எழுத்துப்பிழை சரி, கட்டுரையோட பெரிய பலவீனத்த எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேப்பீங்க. இதுக்கு நான் பயன்படுத்தறது நன்னூல். ஆமா, ஸ்கூல்ல இலக்கணப் பகுதில மனப்பாடம் பண்ணிட்டு மறந்தோமே அதே தான். 13ஆம் நூற்றாண்டுல சீயகங்கன்ங்கற சிற்றரசன் கேட்டுக்கிட்டதால பவணந்தி முனிவர் எழுதினது. அதோட பாயிரத்துல, அதாவது முன்னுரைப் பகுதில, ஒரு நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றம், இருக்க வேண்டிய பத்து அழகுன்னு ரெண்டு பட்டியல் இருக்கு. உங்க பலவீனத்துக்கு ஒண்ணு, பலத்துக்கு ஒண்ணு, ரெண்டுமே ரெடியா இருக்கு, எழுநூறு எண்ணூறு வருஷமா நம்ம கையில இருக்கற செக்லிஸ்ட் அது. நான் காலேஜ் படிக்கறப்ப என் அசைன்மென்ட்ல ஒருத்தங்க கீழ "ஒன்றும் சொல்லவில்லை"ன்னு சிவப்பு மைல எழுதிக் கொடுத்தாங்க, அவ்வளவு தான், வேற ஒரு வார்த்தை இல்ல. ஒரு வாரம் எனக்கு தூக்கமே வரல. நான் நாலு பக்கம் எழுதியிருக்கேன், எப்படி ஒண்ணும் சொல்லலன்னு ஆகும்? அப்புறம் நன்னூல் படிச்சப்ப தான் "வெற்றெனத் தொடுத்தல்"னு ஒண்ணு கண்ணுல பட்டுது, பொருள் இல்லாம சொல்ல மட்டும் தொடுத்துக்கிட்டே போறது. என் குற்றத்துக்கு ஒரு பேர் இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. பேர் இருந்தா அத தேடலாம், கண்டுபிடிச்சு எடுக்கலாம். அவங்க அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா அந்த ஒரு வாரம் எனக்கு மிச்சம், அதனால தான் இப்ப நான் யாருக்கு திருத்தினாலும் குற்றத்தோட பேர ஓரத்துல எழுதிடுவேன்.

பத்துல மாணவர் கட்டுரைல நான் திரும்பத் திரும்ப பாக்கறது நாலு தான். கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல். மற்றொன்று விரித்தல்னா நூலகம் பத்தி கேட்டா கல்வியோட பெருமைய பத்தி ரெண்டு பக்கம் போறது, மனப்பாடம் பண்ணிட்டு போன கட்டுரைய எப்படியாச்சும் இறக்கணும்னு பாக்கறப்ப வர்றது. சென்றுதேய்ந்து இறுதல்னா ஆரம்பத்துல ஜோரா போய் கடைசில தேஞ்சு போறது. உங்க விடைத்தாள்ல முன்னுரைய விட முடிவுரைல கையெழுத்து கோணலா இருக்கா, கடைசி ரெண்டு உட்தலைப்பு மூணு மூணு வரியில முடியுதா, அப்ப உங்களோடது இதுதான். இது மொழி பலவீனம் இல்ல, நேரம் பிரிக்கற பலவீனம். கேள்வித்தாள் படிக்க தர்ற 10 நிமிஷத்துலயே கட்டுரைக்கு எந்த உட்தலைப்புன்னு மனசுல போட்டு வச்சிட்டா பாதி சரியாயிடும்.

கூறியது கூறலுக்கு ஒரு பத்தி காட்டறேன். என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, சிவகங்கை பக்கம் கிராமம், நீர் மேலாண்மை பத்தி எழுதினது இது: "நீர் மனித வாழ்வில் மிகவும் முக்கியமான ஒன்றாகும். நீர் இல்லாமல் எந்த உயிரும் வாழ முடியாது. எனவே நீர் என்பது உயிர்களுக்கு இன்றியமையாததாகும். இன்றைய நவீன உலகில் நீரின் முக்கியத்துவம் நாளுக்கு நாள் அதிகரித்து கொண்டே செல்கிறது."

நாலு வாக்கியம். முதல் மூணும் ஒரே விஷயம், சொல்ல மட்டும் மாத்தி மாத்தி போட்டிருக்கா. நாலாவதுல நவீன உலகில், நாளுக்கு நாள், இதெல்லாம் எந்தக் கட்டுரையில வேணா ஒட்டக்கூடிய ஸ்டிக்கர், கல்விக்கும் போடலாம் கணினிக்கும் போடலாம். "ஆகும்" ரெண்டு. அதிகரித்துக் கொண்டேன்னு வரணும், ஒற்று ஒண்ணு விட்டுருக்கா. இந்த நாலையும் எடுத்துட்டா கட்டுரை ஒண்ணும் இழக்காது. இத அவளையே செய்ய சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் கையால மூடிட்டு மிச்சத்த படி, ஏதாச்சும் குறையுதான்னு பாருன்னேன். குறையாத வாக்கியத்துல எல்லாம் பென்சில்ல அடிச்சா. ஒரு பக்கத்துல ஏழு வாக்கியம் போச்சு. முகம் வாடிடுச்சு அவளுக்கு.

ஆனா அதே பேப்பர்ல ரெண்டாவது பக்கத்துல அவளே முன்னாடியே அடிச்சு வச்சிருந்த ரெண்டு வரி இருந்துச்சு. "எங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறக்கும் அன்று நீர்பாய்ச்சி தாத்தா முதலில் கடைசி வயலுக்குத்தான் போவார். அங்கே தண்ணீர் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்." நீர்பாய்ச்சின்னா கண்மாய்த் தண்ணிய வயலுக்கு பிரிச்சு விடற ஆள். ஏன்டி இத அடிச்சேன்னு கேட்டா, கட்டுரைல சொந்த விஷயம் எழுதக்கூடாதுக்கா, அது என் பலவீனம், எப்பவும் ஊர்க்கதைக்கு போயிடுவேன்னு சொல்றா. எனக்கு கண் கலங்கிடுச்சு. கடைசி வயலுக்கு தண்ணி போய் சேர்றது தான் நீர் மேலாண்மை, மொத்தக் கட்டுரையும் அந்த ரெண்டு வரியில இருக்கு. நன்னூல் சொல்ற பத்து அழகுல விளங்கு உதாரணத்ததாதல்னு (தெளிவா விளங்கற உதாரணம் காட்டறது) கடைசில வருமே, அது அவளுக்கு தானா வருது. அவ அதைப் போய் பலவீனம்னு கணக்கு எழுதி வச்சிருக்கா.

இதனால தான் பலத்த கண்டுபிடிக்கறது பலவீனத்த விட கஷ்டம்னு நான் சொல்றேன். பலவீனத்துக்கு சிவப்பு மை இருக்கு, பலம் இருக்கற இடத்துல டீச்சர் ஒண்ணும் எழுதாம தாண்டிப் போயிருப்பாங்க, அதிகபட்சம் ஒரு டிக். அதோட நமக்கு சுலபமா வர்ற விஷயத்த நாம பலம்னே நினைக்கறதில்ல, கஷ்டப்பட்டு பண்ணினா தான் மதிப்புன்னு ஒரு எண்ணம். அதனால இப்படி செஞ்சு பாருங்க. உங்க கட்டுரைய ஒருத்தர்கிட்ட படிக்க கொடுங்க, அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, தமிழ் டீச்சரா இருக்க வேணாம். நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, நல்லா இருக்குன்னு தான் சொல்லுவாங்க, பாசத்துல சொல்றது அது. ஒண்ணும் கேக்காம விட்டுட்டு மறுநாள் சாயங்காலம் "நேத்து படிச்சதுல என்ன ஞாபகம் இருக்கு"ன்னு மட்டும் கேளுங்க. அவங்க சொல்ற ஒரு வரி, ஒரு காட்சி எதுவோ அது இருக்கற இடத்துக்கு போய் நீங்க அங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு பாருங்க. மூணு பேர் ஒரே இடத்த சொன்னாங்கன்னா அத பலம்னு தைரியமா எழுதலாம். அந்த நீர்பாய்ச்சி வரிய அந்தப் பொண்ணோட அம்மா ஒரு வாரம் கழிச்சும் சொன்னாங்களாம், அந்த தாத்தாவ போய் பாத்துட்டும் வந்தாங்களாம்.

அழகுப் பட்டியல்ல மத்ததையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. சிலருக்கு சுருங்கச் சொல்லல் நல்லா வரும், எட்டு வரில முடிச்சிடுவாங்க, அப்புறம் மார்க் குறைஞ்சிடுமோன்னு பயந்து இழுப்பாங்க. சிலருக்கு முறையின் வைப்பு, எது முதல்ல எது அடுத்ததுன்னு வரிசை தப்பாது. சிலருக்கு ஓசையுடைமை, படிச்சா காதுக்கு இதமா இருக்கும். ஆனா ஒண்ணு கவனிங்க, பலமும் பலவீனமும் பெரும்பாலும் ஒரே வீட்டுல தான் குடியிருக்கும். ஓசை நல்லா வர்றவங்களுக்கு தான் வெற்றெனத் தொடுத்தலும் வரும், காதுக்கு நல்லா இருக்குன்னு பொருள் இல்லாத வரிய விட மனசு வராது. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. சுருக்கமா எழுதறவங்களுக்கு குன்றக் கூறல் வரும், படிக்கறவங்களுக்கு தேவையானதக் கூட சொல்லாம விட்டுடுவாங்க. அதனால ஒரு பலவீனம் கிடைச்சா அதோட பக்கத்துலயே தேடுங்க, பலம் ஒண்ணு இருக்கும்.

இப்ப அந்த ஒரு பக்கத்த எழுதலாம். என் பலம், என் பலவீனம்னு ரெண்டு தலைப்பு போட்டு பாயின்ட் பாயின்டா அடுக்காதீங்க. ஒரு பலம், ஒரு பலவீனம் போதும், ரெண்டு ரெண்டுக்கு மேல வேண்டவே வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் அது எந்தக் கட்டுரைல எந்த வரியில தெரிஞ்சுது, ஏன் அப்படி வருதுன்னு நினைக்கறீங்க, அடுத்த தடவை என்ன பண்ணப் போறீங்க, இந்த மூணும் வரணும். சொந்த வரிய அப்படியே எடுத்து எழுதுங்க, தப்போட எழுதுங்க, திருத்தினதையும் கீழ எழுதுங்க. "எனக்கு ஒற்றுப்பிழை வரும்"ங்கறதுக்கு பதிலா "ஐந்து கட்டுரைகளில் முப்பத்தொரு ஒற்றுப்பிழை, அதில் பதினெட்டு அந்த, இந்த, எந்த வரும் இடங்களில். இது எனக்குத் தெரிந்த விதிதான், எழுதி முடித்தபின் திரும்பப் படிக்காததால் வருகிறது"ன்னு எழுதினா அத படிக்கற டீச்சருக்கு உங்களுக்கு என்ன சொல்லித் தரணும்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். அசைன்மென்ட் எழுத்துத் தமிழ்ல தான் இருக்கணும், நான் இங்க பேசற மாதிரி எழுதிடாதீங்க.

டீச்சருக்கு பிடிக்கும்னு பலவீனத்த பெருசாக்கி பணிவு காட்டாதீங்க. சோம்பேறி, கவனம் இல்லாதவள், இப்படியெல்லாம் உங்களையே திட்டி எழுத வேணாம். அது எழுத்தப் பத்தி ஒண்ணும் சொல்லாது, எழுதறப்ப மனசு மட்டும் வலிக்கும். "கவனமில்லை"ன்னு எழுதற இடத்துல எல்லாம் "எந்த இடத்துல, எத்தனை தடவை"ன்னு கேளுங்க, அந்த வார்த்தை தானா காணாம போயிடும். அதே மாதிரி பலத்த சொல்றதுக்கும் கூச்சப்படாதீங்க, ஆதாரத்தோட சொன்னா அது தற்பெருமை ஆகாது.

கொடுத்தப்புறம் ஒரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டும், மேல தேதி போடுங்க. அடுத்த கட்டுரை எழுதறப்ப எல்லாத்தையும் ஒரே நேரத்துல சரி பண்ணப் பாக்காதீங்க, கை ஓடாது, பயத்துல ஒரு வரி கூட வராது. அந்தக் கட்டுரைக்கு ஒரே ஒரு பலவீனம் தான் எதிரி. எழுதறப்ப அதையும் நினைக்க வேணாம், முதல்ல மனசுல இருக்கறத கொட்டிடுங்க, முடிச்சப்புறம் அந்த ஒண்ணுக்காக மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை படிங்க. அந்தப் பொண்ணு இப்ப மதுரைல பி.ஏ. படிக்கறா. எழுதி முடிச்சா வாக்கியத்த ஒண்ணொண்ணா கையால மூடிப் பாக்கற பழக்கம் இன்னும் இருக்காம். ஊர் விஷயத்துல பென்சில் வைக்கறதில்லையாம். போன வாரம் புதுசா ஒண்ணு அனுப்பியிருந்தா, கலுங்குல (கண்மாய் நிரம்பினா மிச்சத் தண்ணி வெளியேறற இடம்) தண்ணி மறுகால் போறத பாக்க ஊரே திரண்டு நிக்கறதோட ஆரம்பிக்குது, முன்னுரைன்னு தனியா ஒண்ணு இல்ல. ஒற்று மட்டும் நாலு இடத்துல விட்டுருக்கா, ஓரத்துல எழுதி அனுப்பினேன்.